ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்கலையா? இன்ஜினியரிங்குக்கு இன்னும் எத்தனை வழி இருக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

பத்தாவது ரிசல்ட் வந்த மறுநாள்ல இருந்து நம்ம இன்பாக்ஸுக்கு ஒரே கேள்வி விதவிதமா வரும். "அண்ணா, ஸ்கூல்ல ஃபர்ஸ்ட் குரூப் தர மாட்டேங்கிறாங்க. எனக்கு இன்ஜினியரிங் அவ்வளவுதானா?" சில பேர் அழுதுகிட்டே வாய்ஸ் நோட் போடுறாங்க. சில வீட்ல அப்பா அம்மாவே கேட்கிறாங்க.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். அவ்வளவுதான் இல்ல. பதினைஞ்சு வயசுல ஒரு ஸ்கூல் எடுக்கிற முடிவு உங்க இன்ஜினியரிங்கை முழுசா அடைச்சிட முடியாது. ஆனா ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை இருக்கு. சிலதுக்கு ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கூடுதலா ஆகும். சிலதுல பணம் கூடும். சிலதுல, உங்களுக்குன்னு இருக்கிற ஒரு ஒதுக்கீடே கைவிட்டுப் போகும். அந்த விலை தெரியாம அவசரத்துல முடிவெடுக்கிறதுதான் இங்க உண்மையான ஆபத்து. இன்னிக்கு அந்த விலைப் பட்டியலைத்தான் பேசப் போறோம்.

முதல்ல, இன்ஜினியரிங் காலேஜ் உங்ககிட்ட என்ன கேட்குது?

தமிழ்நாட்ல பி.இ., பி.டெக். கவுன்சிலிங்குக்கு டி.என்.இ.ஏ.ன்னு பேரு. முன்னாடி அண்ணா பல்கலைக்கழகம் நடத்தினது. 2019-ல இருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துது. நுழைவுத் தேர்வு கிடையாது. 2007-08 கல்வியாண்டில இருந்து பிளஸ் டூ மார்க்தான் எல்லாம்.

கட் ஆஃப் 200-க்கு. மேத்ஸ் மார்க் அப்படியே 100-க்கு வரும். பிசிக்ஸ் பாதியா 50-க்கு, கெமிஸ்ட்ரி பாதியா 50-க்கு. உதாரணத்துக்கு மேத்ஸ் 92, பிசிக்ஸ் 80, கெமிஸ்ட்ரி 76 எடுத்திருந்தா, 92 கூட்டல் 40 கூட்டல் 38. மொத்தம் 170.

விண்ணப்பிக்கவே ஒரு குறைந்தபட்சத் தகுதி உண்டு. இந்த மூணு பாடத்தோட சராசரி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம்.

இப்ப இதுல என்னென்ன இல்லைன்னு கவனிங்க. அந்த 200 மார்க்ல உங்க பத்தாவது மார்க் இல்ல. பிளஸ் ஒன் மார்க்கும் இல்ல. பயாலஜி இல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ்கூட இல்ல. பத்தாவதுல 310 எடுத்த பையனும் 480 எடுத்த பொண்ணும் பிளஸ் டூ முடிச்சு கவுன்சிலிங் வர்றப்ப, ரெண்டு பேருக்கும் ஒரே தராசு: மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி.

அதனால நேர்வழியில இன்ஜினியரிங் கேட்கிறது இந்த மூணு பாடத்தை மட்டும்தான். பத்தாவது மார்க்கை வெச்சு "நீ இன்ஜினியரிங்குக்கு லாயக்கில்ல"ன்னு யாராவது சொன்னா, அது அவங்க கருத்து. கவுன்சிலிங் விதி அப்படிச் சொல்லல.

அப்ப ஸ்கூல் ஏன் தர மாட்டேங்குது?

மூணு காரணம் பார்க்கிறோம். முதல் காரணம், இடம். ஒரு செக்‌ஷன்ல இத்தனை பேர்தான். லேப் அளவு இவ்வளவுதான். கேட்கிறவங்க அதிகம்னா மார்க் வரிசையில கொடுத்திட்டுப் போவாங்க. இது புரியக்கூடியது.

ரெண்டாவது, ரிசல்ட் பயம். சென்டம் ரிசல்ட் போர்டு வாசல்ல தொங்கணும்னு நினைக்கிற ஸ்கூல், பிளஸ் டூ மேத்ஸ்ல தடுமாறலாம்னு தோணுற பிள்ளையை முன்கூட்டியே வேற குரூப்புக்குத் தள்ளிடும். பிள்ளையோட நன்மைக்குத்தான்னு சொல்வாங்க. சில நேரம் அதுவும் உண்மையா இருக்கலாம். ஆனா அதுல ஸ்கூலோட நன்மையும் கலந்திருக்குன்னு நீங்க தெரிஞ்சு வெச்சுக்கணும்.

மூணாவது, அந்த ஸ்கூல்ல குரூப்பே இல்லாம இருக்கிறது. சின்ன ஊர்ல இருக்கிற மேல்நிலைப் பள்ளியில ரெண்டு, மூணு குரூப்தான் இருக்கும். மேத்ஸ் குரூப் இல்லாத ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு "தரல"ங்கிற பேச்சே இல்ல. கேட்கவே எதுவும் இல்ல.

இந்த மூணுல உங்க காரணம் எதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் தீர்வு வேற. இடம் இல்லைன்னா காத்திருக்கலாம். பயம்னா பேசிப் பார்க்கலாம். குரூப்பே இல்லைன்னா ஸ்கூலைத்தான் மாத்தணும்.

குரூப் பேரைப் பார்த்து ஏமாறாதீங்க

அட்மிஷன் டேபிள்ல நிறைய பேர் விழுற குழி மூணு இருக்கு.

ஒண்ணு, "கம்ப்யூட்டர்"ங்கிற வார்த்தை. கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் படிக்கணும்னா பிளஸ் டூல கம்ப்யூட்டர் இருக்கணும்னு நினைச்சு, காமர்ஸ் கூட கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் இருக்கிற குரூப்பை எடுத்துடுறாங்க. அதுல மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணுமே கிடையாது. மாறா, மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி கூட பயாலஜி எடுத்தவங்க தாராளமா கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் சேரலாம். நாலாவது பாடம் பயாலஜியா, கம்ப்யூட்டரான்னு வீட்ல சண்டை போட வேண்டிய அவசியமே இல்ல.

ரெண்டு, "பியூர் சயின்ஸ்". பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பாட்டனி, சுவாலஜி. கேட்கிறதுக்குப் பெரிய சயின்ஸ் குரூப் மாதிரி இருக்கும். மருத்துவம், நர்சிங், வேளாண்மை மாதிரி பக்கம் போறவங்களுக்கு நல்ல குரூப். ஆனா மேத்ஸ் இல்ல. "சயின்ஸ் குரூப்தானே, பிறகு இன்ஜினியரிங்கும் பார்த்துக்கலாம்"ங்கிறது நடக்காது.

மூணு, வணிகக் கணிதம், அதாவது பிசினஸ் மேத்ஸ். பேர்ல மேத்ஸ் இருந்தாலும் பொறியியல் கவுன்சிலிங் கேட்கிற கணிதப் பாடம் அது இல்ல.

குரூப் நம்பர், குரூப் பேர், பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, எதையும் பார்க்காதீங்க. பாடப் பட்டியலைக் கையில வாங்கி, அதுல மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூணும் இருக்கான்னு மட்டும் விரல் வெச்சுப் பாருங்க.

கதவு திறந்திருக்கிற அந்தச் சில வாரம்

இருக்கிறதுலயே மலிவான வழி, பிளஸ் ஒன் ஆரம்பத்துலயே குரூப்பை மாத்திக்கிறது. கூடுதல் வருஷமே ஆகாது. கிளாஸ் தொடங்கின முதல் சில வாரத்துல ஆட்கள் இடம் மாறுவாங்க. சில பேர் வேற ஸ்கூல் போவாங்க, சில பேர் பாலிடெக்னிக் சேர்ந்துடுவாங்க, சில பேர் ஃபர்ஸ்ட் குரூப் பாரம்னு அவங்களே மாறிப்பாங்க. அப்ப இடம் காலியாகும். பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போயிட்ட பிறகு மாத்துறது ரொம்பக் கஷ்டம்.

எப்படிக் கேட்கிறது? வாய்மொழியா கேட்டுட்டு வந்துடாதீங்க. ஹெச்.எம்.முக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்க. எந்தக் குரூப் வேணும், எதுக்காக வேணும், பத்தாவதுல மேத்ஸும் சயின்ஸும் எவ்வளவு, இடம் காலியானா எனக்குப் பரிசீலிக்கணும்னு எழுதி அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. மொத்த மார்க் குறைவா இருந்தாலும் மேத்ஸ்ல மட்டும் நல்லா எடுத்திருந்தா அதைத் தனியா காட்டுங்க. உங்களுக்கு மேத்ஸ் எடுத்த சார் அல்லது மிஸ் ஒருத்தர் கூட வந்து "இவன் சமாளிச்சிடுவான் சார்"னு சொன்னா, அது நம்ம பத்து வாக்கியத்துக்குச் சமம்.

அங்க நடக்கலைன்னா வேற ஸ்கூல். இங்கதான் நான் எல்லாரையும் ஒரு நிமிஷம் நிறுத்தணும்னு ஆசைப்படுறேன்.

நீங்க ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியில படிச்சவங்களா? அப்படின்னா உங்ககிட்ட ஒரு பெரிய சொத்து இருக்கு. 2021-ல வந்த சட்டப்படி, அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்சவங்களுக்குப் பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புகள்ல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. நீதிபதி முருகேசன் ஆணையத்தோட பரிந்துரையில வந்தது. இதுல இடம் கிடைச்சவங்களோட படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாத்தையும் அரசே ஏத்துக்குது.

"6 முதல் 12 வரை"ங்கிற வார்த்தையை மறுபடி படிங்க. அரசுப் பள்ளியில ஃபர்ஸ்ட் குரூப் தரலைன்னு கடன் வாங்கித் தனியார் ஸ்கூல்ல பிளஸ் ஒன் சேர்த்தா, அந்த ஒதுக்கீடு அதோட போச்சு. ரெண்டு வருஷ ஸ்கூல் ஃபீஸும் போகும், நாலு வருஷ இலவசப் படிப்புக்கான வாய்ப்பும் போகும். அதனால தனியார் ஸ்கூல் வாசலுக்குப் போறதுக்கு முன்னாடி, பஸ்ஸுல போய் வரக்கூடிய தூரத்துல மேத்ஸ் குரூப் இருக்கிற இன்னொரு அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கான்னு தேடுங்க. ஒரு மணி நேரப் பயணமா இருந்தாலும் கணக்குப் போட்டா லாபம்.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு

உங்களுக்கு இந்தப் பிரிப்பு பத்தாவதுலயே வந்துடுது. 2020 பொதுத்தேர்வுல இருந்து பத்தாவது மேத்ஸை ஸ்டாண்டர்டு, பேசிக்னு ரெண்டு நிலையா வெச்சிருக்காங்க. சிலபஸ் ஒண்ணுதான், கேள்வித்தாளோட கடினம்தான் வேற. பேசிக் எழுதினவங்க பதினொண்ணாவதுல மேத்ஸ் எடுக்க முடியாதுங்கிறது மூல விதி. பிறகு வந்த சுற்றறிக்கைகள்ல, மாணவருக்கு அந்தத் திறமை இருக்குன்னு பிரின்சிபால் திருப்தியானா அனுமதிக்கலாம்னு தளர்வு கொடுத்தாங்க. உங்க வருஷத்துக்கான சுற்றறிக்கையைக் கையில வெச்சுக்கிட்டு ஸ்கூல்ல பேசுங்க.

பேசிக் எழுதினவங்களுக்கு ஸ்கூல் சுலபமா காட்டுற வழி, அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ். அது காமர்ஸ், எகனாமிக்ஸ் பக்கம் போறவங்களை மனசுல வெச்சு வந்த பாடம். இன்ஜினியரிங்தான் இலக்குன்னா அதையும் மேத்தமேட்டிக்ஸையும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. ஒன்பதாவதுல இருக்கிற தம்பி தங்கச்சிங்க, ஃபார்ம்ல ஸ்டாண்டர்டுன்னே டிக் பண்ணுங்க. கொஞ்சம் கஷ்டப்பட்டாலும் பின்னாடி யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம்.

பாலிடெக்னிக்: வருஷத்தை எண்ணிப் பாருங்க

இப்ப நம்ம ஊர்ல ரொம்பக் குறைச்சு மதிப்பிடப்படுற வழிக்கு வரேன். "பாலிடெக்னிக்கா? மார்க் இல்லாத பசங்க போற இடமாச்சே"ன்னு சித்தப்பா ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவார். சித்தப்பாவை உக்கார வெச்சு இந்தக் கணக்கைக் காட்டுங்க.

பத்தாவது முடிச்சு பிளஸ் ஒன், பிளஸ் டூ ரெண்டு வருஷம். பி.இ. நாலு வருஷம். மொத்தம் ஆறு.

பத்தாவது முடிச்சு டிப்ளமோ மூணு வருஷம். அதுக்கப்புறம் பி.இ.யில நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். இதைத்தான் லேட்டரல் என்ட்ரின்னு சொல்றது. அப்ப பி.இ. மூணு வருஷம். மொத்தம் அதே ஆறு.

ஒரு வருஷம்கூட வீணாகல. கடைசியில கையில வர்றதும் அதே பி.இ. டிகிரி. கூடவே ஒரு டிப்ளமோ சர்ட்டிஃபிகேட். நடுவுல வீட்ல பணப் பிரச்சினை வந்து படிப்பை நிறுத்த வேண்டி வந்தாலும், அந்த டிப்ளமோவை வெச்சு வேலைக்குப் போக முடியும். பிளஸ் டூ சர்ட்டிஃபிகேட்டை மட்டும் வெச்சு அது கஷ்டம்.

லேட்டரல் என்ட்ரி ரேங்க் உங்க டிப்ளமோ மார்க்கை வெச்சுத்தான். பத்தாவதுல என்ன நடந்ததுன்னு அங்கயும் யாரும் கேட்க மாட்டாங்க. கூட்டமான ஃபர்ஸ்ட் குரூப் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்து 45, 50 மார்க்கோட கரையேறுறதை விட, பிடிச்ச பிராஞ்ச்ல டிப்ளமோ நல்லா படிச்சு 85 சதவீதத்தோட லேட்டரல் கவுன்சிலிங் போறது சில பேருக்கு உறுதியான வழி.

செலவும் பார்க்கணும். சென்னை தரமணியில இருக்கிற மத்திய பாலிடெக்னிக் மாதிரி அரசு பாலிடெக்னிக்குகள்ல கட்டணம் ரொம்பக் குறைவு. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு 2022-ல வந்த புதுமைப் பெண் திட்டமும், பசங்களுக்கு 2024-ல வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாசம் 1,000 ரூபாய் தருது. இதுல டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்புகளும் அடக்கம். உங்க படிப்புக்கான தகுதியைக் காலேஜ் ஆபீஸ்ல உறுதி பண்ணிக்குங்க.

சரி, இதோட விலை என்ன? ஒண்ணு, இப்ப சொன்ன 7.5 சதவீத ஒதுக்கீடு பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில இருக்கிறவங்களுக்கானது. பத்தாவதோட வெளிய வந்தா அது இல்ல. ரெண்டு, பதினைஞ்சு வயசுலயே மெக்கானிக்கலா, சிவிலா, எலக்ட்ரிக்கலா, கம்ப்யூட்டரான்னு முடிவெடுக்கணும். மூணு, ஐ.ஐ.டி., என்.ஐ.டி. பி.டெக்.ல ரெண்டாம் வருஷம் சேர்க்கிற வழக்கம் இல்ல. அந்த இடங்களுக்கு ஆசை இருந்தா, பி.இ. முடிச்சு கேட் எழுதி எம்.டெக். போகலாம். இந்த மூணுல எது உங்களுக்குப் பெருசுன்னு நீங்கதான் சொல்லணும்.

டிப்ளமோ முடிச்சு உடனே வேலைக்குப் போக வேண்டிய நிலைமை உள்ளவங்களுக்கு, வேலை பார்த்துக்கிட்டே படிக்கிற பகுதிநேர பி.இ.யும் சில பொறியியல் கல்லூரிகள்ல இருக்கு. அதுக்குத் தனி விண்ணப்பம்.

ஐ.டி.ஐ. போனவங்களும் மனசைத் தளர விட வேண்டாம். ரெண்டு வருஷ ஐ.டி.ஐ. முடிச்சவங்க டிப்ளமோ ரெண்டாம் வருஷம் நேரா சேரலாம். ரெண்டு கூட்டல் ரெண்டு கூட்டல் பி.இ. மூணு. மொத்தம் ஏழு. கூடுதல் விலை ஒரே ஒரு வருஷம்.

தொழிற்கல்வி குரூப்ல போட்டுட்டாங்களா?

அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல் மாதிரி தொழிற்கல்விக் குரூப்ல இருக்கிறவங்க நிறைய பேருக்கு ஒரு விஷயம் தெரியாமலே பிளஸ் டூ முடிஞ்சுடுது. டி.என்.இ.ஏ.ல தொழிற்கல்வி மாணவர்களுக்குன்னு தனி ஒதுக்கீடும் தனி ரேங்க் பட்டியலும் இருக்கு. குறிப்பிட்ட சில பிராஞ்ச்களுக்குத்தான். ஆனா அங்க உங்க போட்டி உங்களை மாதிரியே படிச்சவங்களோட மட்டும். கூட்டம் குறைவு.

பி.இ. இடம் கிடைக்கலைன்னாலும் இதே சர்ட்டிஃபிகேட்டை வெச்சு டிப்ளமோ ரெண்டாம் வருஷம் சேரலாம். அங்க இருந்து லேட்டரல் என்ட்ரி. ஏழு வருஷக் கணக்கு.

"அண்ணா, பிளஸ் டூவே முடிச்சாச்சு. மேத்ஸ் இல்ல. இப்ப?"

இந்தக் கேள்வி வர்றப்ப நான் கொஞ்சம் நிதானமா பதில் சொல்ல வேண்டியிருக்கு. ஏன்னா இங்க விலை ஏறிடுது.

முதல் வழி, டிப்ளமோ முதல் வருஷத்துல இருந்து தொடங்குறது. அதுக்குத் தகுதி பத்தாவது தேர்ச்சிதான், அதனால காமர்ஸ் படிச்சிருந்தாலும் சேரலாம். ரெண்டு கூட்டல் மூணு கூட்டல் மூணு, மொத்தம் எட்டு வருஷம். ஃப்ரெண்ட்ஸை விட ரெண்டு வருஷம் பின்னாடி. இருபது வயசுல அது மலை மாதிரி தெரியும். முப்பது வயசுல யாரும் கேட்க மாட்டாங்க.

ரெண்டாவது வழி, என்.ஐ.ஓ.எஸ்.னு சொல்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி. 1989-ல தொடங்கின மத்திய அரசு அமைப்பு. அதுல சில பாடங்களை மட்டும் எடுத்துப் படிக்கிற பகுதிச் சேர்க்கையும் இருக்கு, முழுசா புதுசா பிளஸ் டூ எழுதவும் முடியும். ஆனா ஒரு நிபந்தனை. பணம் கட்டுறதுக்கு முன்னாடி, நீங்க சேர நினைக்கிற காலேஜோ கவுன்சிலிங் ஆபீஸோ எந்த மாதிரி சர்ட்டிஃபிகேட்டை ஏத்துக்கும்னு மெயில் போட்டு, பதிலை எழுத்துல வாங்குங்க. ஜே.இ.இ.க்கு என்.ஐ.ஓ.எஸ்.ல குறைஞ்சது அஞ்சு பாடம் இருக்கணும். ஒத்தை மேத்ஸ் மட்டும் எழுதி அங்க போய் நிக்க முடியாது. "எல்லாம் செல்லும் தம்பி, ஃபீஸை மட்டும் கட்டுங்க"ன்னு சொல்ற டுடோரியல் போர்டை நம்பிக் கிளம்பாதீங்க.

மூணாவது, இலக்கையே கொஞ்சம் நகர்த்திப் பார்க்கிறது. உங்களுக்கு வேண்டியது உண்மையிலயே சாஃப்ட்வேர், டேட்டா மாதிரி வேலைன்னா, பி.இ. ஒண்ணுதான் வழின்னு இல்ல. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல தொடங்கின டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம். பிளஸ் டூல எந்தக் குரூப்பா இருந்தாலும் சரி, பத்தாவதுல மேத்ஸும் இங்கிலீஷும் படிச்சிருந்தா போதும். நாலு வாரப் பாடம், வாராவாரம் அசைன்மென்ட், பிறகு நேர்ல ஒரு தகுதித் தேர்வு. அதுல தேறினா உள்ள. சேர்றது சுலபம்னா முடிக்கிறதும் சுலபம்னு நினைக்காதீங்க. மேத்ஸும் புள்ளியியலும் நல்லாவே வேலை வாங்கும். அதே மாதிரி 2023-ல தொடங்கின எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ்.க்கு மட்டும் பிளஸ் டூல மேத்ஸும் பிசிக்ஸும் வேணும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இன்னொரு கூட்டமும் இருக்கு. பிளஸ் டூல மேத்ஸ் இருந்தது, கட் ஆஃப் பத்தல, அதனால பி.எஸ்சி. சேர்ந்தாச்சு. உங்களுக்கு அந்த பி.எஸ்சி.யை முடிச்சுட்டு லேட்டரல் என்ட்ரி வழியா பி.இ. ரெண்டாம் வருஷம் போற வழி இருக்கு. இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில பி.எஸ்சி. படிச்சுட்டுத்தான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனாங்க. கலாம் விமானப் பொறியியல், சுஜாதா எலக்ட்ரானிக்ஸ். பி.எஸ்சி. முடிச்சு இன்ஜினியரிங் போறது அப்ப எம்.ஐ.டி.யில சாதாரண வழி.

உள்ள போன பிறகு இருக்கிற நிஜமான சுவர்

இதுவரை பேசினது வாசலைத் தாண்டுறது பத்தி. லேட்டரல் என்ட்ரியில போறவங்களுக்கு அதை விடப் பெரிய சோதனை மூணாவது செமஸ்டர்ல காத்திருக்கு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்றதில்ல.

நீங்க நேரா ரெண்டாம் வருஷம் போறதால, முதல் வருஷ இன்ஜினியரிங் மேத்ஸ் ரெண்டு பேப்பர் உங்களுக்கு இல்ல. கேட்க ஜாலியா இருக்கும். ஆனா அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துல நிறைய பிராஞ்சுக்கு மூணாவது செமஸ்டர்ல டிரான்ஸ்ஃபார்ம்ஸ், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்னு ஒரு பேப்பர் வரும். அது முதல் வருஷ கால்குலஸ் மேலதான் கட்டியிருக்கு. பக்கத்து சீட் பையன் ஒரு வருஷம் பயிற்சி பண்ணிட்டு வந்திருப்பான். நீங்க அன்னிக்குத்தான் உள்ள வந்திருப்பீங்க. இங்க விழுற அரியர்தான் பல பேரைக் கடைசி வருஷம் வரை துரத்தும். பாதிப் பேர் அங்க "நமக்கு மூளை இல்ல போல"ன்னு நினைச்சுடுறாங்க. மூளைக்குக் குறை ஒண்ணும் இல்ல. ஒரு வருஷப் பாடம் கையில இல்ல, அவ்வளவுதான்.

அதனால டிப்ளமோ கடைசி செமஸ்டருக்கும் காலேஜ் திறக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற அந்த இடைவெளியைச் சும்மா விடாதீங்க. தமிழ்நாடு அரசோட பிளஸ் டூ கணிதப் புத்தகம் இணையத்துல இலவசமா கிடைக்குது, தமிழ் வழியிலயும் இருக்கு. வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள். இந்த நாலு பகுதியை எடுத்துக்காட்டுக் கணக்கோட ஒரு தடவை முடிச்சுடுங்க. அப்புறம் காலேஜ் சேர்ந்ததும் முதல் வருஷ மேத்ஸ் நோட்டை ஜூனியர்கிட்ட வாங்குங்க. சீனியரா போய் ஜூனியர்கிட்ட கேட்கிறதுல வெட்கமே வேண்டாம். வீடியோ வேணும்னா ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் எடுக்கிற என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசமா இருக்கு.

உங்க பலத்தையும் மறந்துடாதீங்க. வொர்க்‌ஷாப், டிராயிங், லேப் எல்லாம் நீங்க மூணு வருஷம் கையால பண்ணிட்டு வந்தவங்க. லேத் மெஷினை முதல் தடவை பார்க்கிற கிளாஸ்மேட்டுக்கு நீங்க சொல்லிக் கொடுங்க, அவன் உங்களுக்கு இன்டக்ரேஷன் சொல்லிக் கொடுக்கட்டும்.

கடைசியா, கையில எழுதி வெச்சுக்க

பத்தாவது முடிச்சிருந்தா: மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இருக்கிற குரூப்பைக் கடிதம் எழுதிக் கேளுங்க. கிடைக்கலைன்னா முதல்ல வேற அரசுப் பள்ளி, கூடவே பாலிடெக்னிக் விண்ணப்பம். ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட விடுங்க. ஒண்ணுக்காகக் காத்திருந்து இன்னொண்ணோட கடைசித் தேதியை விட்டுடாதீங்க.

பிளஸ் ஒன் நடுவுல இருந்தா: குரூப் மாத்த முடியுமான்னு இந்த வாரமே கேளுங்க. முடியாதுன்னா, பிளஸ் டூவை முடிக்கிறதா, அடுத்த ஜூன்ல டிப்ளமோவா மாறுறதான்னு வருஷத்தை எண்ணிப் பாருங்க. ஒரு வருஷம் போச்சேன்னு அழுறதை விட, ரெண்டாவது வருஷமும் போகாம பார்க்கிறது முக்கியம்.

ஃபர்ஸ்ட் குரூப்ல இருந்து ஒரு பாடத்துல தவறிட்டா: துணைத் தேர்வு எழுதுங்க. அதுல தேறினவங்களுக்கு டி.என்.இ.ஏ.லயே துணைக் கலந்தாய்வு உண்டு. அந்த வருஷமே காலேஜ் போக முடியும்.

பிளஸ் டூ முடிச்சிருந்தா: யாருக்கும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி தகுதி விதியை அந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டுல நீங்களே படிங்க. விதிகள் வருஷா வருஷம் கொஞ்சம் மாறும். அண்ணன் சேர்ந்தப்ப இருந்த விதி உங்களுக்கு அப்படியே இருக்கணும்னு இல்ல.

வீட்ல இருக்கிற பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. குரூப் கிடைக்கலைன்னு பிள்ளை வந்து சொல்ற அன்னிக்கு, "அப்பவே ஒழுங்கா படிச்சிருந்தா"ன்னு ஆரம்பிக்காதீங்க. அதுக்கு வேற நாள் இருக்கு. அன்னிக்கு ஒரு பேப்பர் எடுத்து, இந்த எபிசோடுல சொன்ன வழிகளை எழுதி, பக்கத்துல எத்தனை வருஷம், எவ்வளவு செலவு, எந்த ஒதுக்கீடு போகும்னு மூணு கோடு போட்டு நிரப்புங்க. அரை மணி நேர வேலை. பிள்ளை பாதி அழுகையை நிறுத்திடும்.

உங்க நிலைமை இதுல எதுலயும் பொருந்தலைன்னா வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஊர், குரூப், பாடங்கள், எந்த வருஷம் முடிச்சீங்கன்னு நாலு தகவல் போதும். அடுத்த எபிசோடுல எடுத்துப் பேசுவோம். இதை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற ஒரு வீட்டுக்காவது அனுப்பி வைங்க.